ஆக்கி ராணி மார்க்

ஹாக்கி மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சாத்தூர்க் கடைகளில் அது கிடைக்காது. நான் நல்லெண்ணெய்தான் பூசி வந்தேன். மட்டை ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. வெயிலில் மரம் வறண்டு விரியாமல் இருக்க ஏதோ ஓர் எண்ணெய் வேண்டும், அவ்வளவுதான்.

இதை எதற்குச் சொல்கிறாள் என்று நீங்கள் பார்ப்பது தெரிகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் போன ஆடியில் நடந்த தீ விபத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். முதலிலிருந்து சொல் என்றீர்கள். எனக்கு முதல் என்றால் அந்த மட்டைதான். தீ கடைசியில்தான் வருகிறது. வாக்குமூலம் எழுதுகிறவரிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் நிதானமாகவே பேசுவேன்.

என் பெயர் ஞானதீபம். அப்பா தேவாசீர்வாதம் சாத்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் வாத்தியார். அம்மா நான் நடை பழகும்போதே காலராவில் போய்விட்டாள். என்னை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே சாயங்காலம் பெண்பிள்ளைகள் ஹாக்கி ஆட வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் சட்டத்துக்காக ஆடினார்கள். நான் விடுமுறையிலும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தி எடுத்து முடித்த காட்டில் ஒரு கோடியிலிருந்து அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தை உருட்டி விடுவார். எந்த வெடிப்பில் மோதி எந்தப் பக்கம் துள்ளும் என்று கணிக்கவே முடியாது. அதை நான் மட்டையால் நிறுத்த வேண்டும். முழங்கால் எலும்பில் பட்டு எத்தனையோ தரம் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். வழியில் போகிறவர்கள் நின்று, ஆம்பளப் பிள்ளை இல்லாத குறையை வாத்தியார் இப்படித் தீர்த்துக்கொள்கிறார் என்பார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த பந்தை இன்னும் வேகமாக உருட்டுவார்.

பிறகு சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியைப் படிப்பு. அங்கே சென்னை அணிக்கு எடுத்தார்கள். அங்கிருந்து இந்திய அணி. நான் சென்டர் ஹாஃப், அதாவது நடு மைதானத்தில் நிற்பவள். எதிரி முன்னேறி வந்தால் முதலில் மறிக்க வேண்டியதும் அவள்தான், பந்து மட்டைக்கு வந்ததும் அதை யாருக்குத் தள்ளுவது என்று தீர்மானிப்பதும் அவள்தான். இந்திய அணியில் பெரும்பாலும் பம்பாய், பெங்களூர், கல்கத்தாவின் சட்டைக்காரப் பெண்கள், ஆங்கிலோ இந்தியர்கள். அவர்கள் பேசும் இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியாது. மைதானத்தில் அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

ஐம்பத்தாறில் கப்பலேறி ஆஸ்திரேலியா போனோம். புல்தரையில் அப்போதுதான் முதன்முதலாக ஆடினேன். பந்து நேராக வந்தது, ஐயா. துள்ளவில்லை, திரும்பவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டது. இவ்வளவு எளிதான ஒன்றையா இவர்கள் இத்தனை பாடுபட்டு ஆடுகிறார்கள் என்று தோன்றியது. மழைத் தூறலில் ஓர் ஆட்டம். எதிரணியின் முன்வரிசை முழுவதும் என்னைத் தாண்டிப் போக முடியாமல் திரும்பித் திரும்பி வந்தது. ஆட்டம் முடிந்ததும் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, எந்த மைதானத்தில் கற்றாய் என்று கேட்டாள். பருத்திக் காட்டில் என்றேன். அவள் நம்பவில்லை.

திரும்பி வந்தபோது சாத்தூரில் மேடை போட்டு மாலை போட்டார்கள். தலைமை தாங்கியவர் பெத்தணன். அச்சங்குளம் கம்பெனிக்கு முதலாளி. அவரை உங்களுக்குத் தெரியும். போன மாதம் இதே நாற்காலியில்தான் அவரும் உட்கார்ந்து சாட்சி சொல்லியிருப்பார், இல்லையா. மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கம்பெனிக் காலண்டரில் போட என் படம் ஒன்று வேண்டும் என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். இருந்ததிலேயே நல்ல படத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். நான் மட்டையை ஓங்கியபடி ஓடுகிற படம். முழங்கால் வரைக்குமான பாவாடை, நீளக் காலுறை. அணியில் எல்லோருக்கும் அதுதான் உடுப்பு.

காலண்டர் வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு வெடி வந்தது.

சிவப்புத் தாளில் லேபிள். ஓவியக்காரன் பாவாடையைத் தொடை வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தான். காலுறையைக் கழற்றிவிட்டான். மார்பைப் பெரிதாக்கி, உதட்டில் சாயம் பூசி, கண்ணைச் சற்றே சொருக வைத்திருந்தான். முகம் மட்டும் அப்படியே என் முகம். கீழே மஞ்சள் எழுத்தில் ‘ஆக்கி ராணி மார்க்’. ஊரெல்லாம் என்னைக் கொளுத்தினார்கள். மறுநாள் தெருவில் நடந்தால் காலடியில் சிவப்புத் தாள். கிழிந்த கால் ஓர் இடத்தில் கிடக்கும், பாதி முகம் இன்னோர் இடத்தில் கிடக்கும்.

அப்பாவின் வகுப்பில் யாரோ அவர் நாற்காலியில் பசையைத் தடவி லேபிளை வைத்திருக்கிறார்கள். அவர் அதில் உட்கார்ந்து எழுந்து, வேட்டியின் பின்பக்கம் என் படம் ஒட்டியிருப்பது தெரியாமல் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்து வந்தார். ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான்தான் பார்த்து உரித்தெடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து அடுப்பில் போட்டார். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு வைத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். படத்தைக் கொடுத்தது அவர் கை. மகளைத் தானே விற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார். அப்படி இல்லை என்று நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருஷம் இறந்துபோனார். நெஞ்சு வலி என்று டாக்டர் சொன்னார். அதற்கும் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை.

இன்பராஜ் என்று காரியாபட்டியில் ஒரு வாத்தியார். எனக்கு அவரைப் பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அது எனக்குப் பெரிதில்லை. கல்யாணம் ஆனால் ஆட விடுவாரா என்ற சந்தேகம் எனக்கு முன்பே இருந்தது.

ஆட்டம்தான் பெரிது. ஐம்பத்தொன்பதில் அடுத்த பயணத்துக்குச் சென்னையில் முகாம் நடந்தது. அந்த முகாமில் என்னைவிட நன்றாக ஆடியவள் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அணியை வாசித்தார்கள். என் பெயர் இல்லை. சங்கத்துச் செயலாளர் அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு வெடிப் பெட்டி இருந்தது. இது பணத்துக்கு ஆடுகிறவர்களின் சங்கம் அல்ல, படத்தை விற்றுச் சம்பாதித்தவளை அணியில் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை என்றார். நான் காலணா வாங்கவில்லை என்றேன். அப்படியானால் கம்பெனியிடமிருந்து எழுதி வாங்கி வா என்றார். நியாயமாகத்தான் பேசினார். பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினார், என் படம் மேஜையைப் பார்க்கும்படியாக.

பெத்தணனிடம் போனேன். வராந்தாவில் வெகுநேரம் உட்கார வைத்தார். காப்பி கொடுக்கச் சொன்னார். நான் கேட்டதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“கூலி குடுக்கலைன்னு நான் எழுதிக் குடுத்தா, கேக்காமப் போட்டேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே தாயி. நாளைக்கு ஒரு வக்கீல் அதத் தூக்கிட்டு வந்தா நான் எங்கன போயி நிக்க?”

நான் எந்த வக்கீலிடமும் போக மாட்டேன் என்றேன். பாவாடையை ஏன் அப்படி ஏற்றினீர்கள் என்றும் கேட்டேன்.

“அது ஓவியக்காரன் வேல. ஆனா பாரு, சீசன்ல அம்புட்டு லோடும் போயிருச்சு. ஒன் பேரு தெரியாத ஊரே கெடையாது இன்னிக்கு. சந்தோசப்படணும்த்தா. நீயும் எம்புட்டு நாளைக்குத்தான் ஓடிக்கிட்டே இருப்பே?”

குரலில் கெடுதல் இல்லை. உண்மையிலேயே என்மேல் அக்கறையாகத்தான் சொன்னார். கிளம்பும்போது ஒரு பெட்டி வெடியை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அப்போது எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது போல இருந்தது. அடைப்பு இன்னும் விடவில்லை.

கப்பல் நான் இல்லாமல் போனது. விருதுநகரில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியிலும், பெற்றோர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்தினார்கள். ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். பிறகு அச்சங்குளம் போய்ப் பெத்தணனிடமே வேலை கேட்டேன். அவருக்கு மனது இளகிவிட்டது. இத நீ அன்னிக்கே கேட்டிருக்கலாமே தாயி என்றார்.

என் வேலை வாசலில். உள்ளே வரும் பெண்களைச் சோதிக்கப் பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். வெடிமருந்து புழங்கும் இடத்தில் உலோகம் உரசினால் போதும், தீப்பொறி. கொண்டை ஊசி, கால் மெட்டி, தீப்பெட்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. காலையில் ஒவ்வொருத்தியின் கூந்தலையும் விரலால் கோதிப் பார்ப்பேன். சேலை முடிச்சை அவிழ்த்துக் காட்டச் சொல்வேன். முடித்த பிறகு லேபிள் ஒட்டும் ஷெட்டில் மேற்பார்வை. ஆமாம், அதே லேபிள்தான். நாள் முழுக்க அந்தப் பிள்ளைகள் பசை தொட்டு என்னைப் பெட்டியில் ஒட்டுவார்கள், நான் கோணல் இல்லாமல் ஒட்டுகிறார்களா என்று பார்ப்பேன்.

நான் வேலையில் ஒரு குறை வைத்ததில்லை. முதலாளியைக் கேளுங்கள். மூன்று வருஷத்தில் என் ஷெட்டில் ஒரு பொறி பறந்ததில்லை.

சுப்புத்தாய் என்று ஒரு பிள்ளை. வயது பதினாறு பதினேழு இருக்கும். லேபிளில் இருப்பது நான்தான் என்று யாரோ சொல்லிக் கேட்டுவிட்டு, வந்த முதல் வாரமே என் பக்கத்தில் வந்து நின்றாள். “டீச்சரக்கா, இது நெசமா நீங்கதானா? கப்பல்ல போனீகளாமே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். லேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “நேர்லதான் அழகா இருக்கீக,” என்றாள். அதற்கப்புறம் எனக்கு வீட்டிலிருந்து கம்பங்கூழ் கொண்டு வருவாள். தனக்கும் ஆக்கி சொல்லித்தர வேண்டும் என்று பலமுறை கேட்டாள். முடியாது என்றுவிட்டேன். அவள் நன்மைக்குத்தான். ஓடக் கற்றுக்கொடுத்து என்ன செய்யப்போகிறாள், ஐயா? எந்தத் தாளில் கொண்டுபோய் ஒட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்.

என் மடியில் ஒரு தீப்பெட்டி இருந்தது. எப்போதிருந்து என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. வாசலில் சோதிப்பவளை யாரும் சோதிப்பதில்லை.

அந்த ஆடியில் காற்று அதிகம். தெருப் புழுதியையெல்லாம் வாரி உள்ளே கொட்டும். லேபிள் பறக்கிறது என்று காற்று வரும் பக்கத்துக் கதவைத் தாழிட்டு வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு ஷெட்டுக்கும் இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. முதலாளி பார்த்தார், அப்படியே விட்டுவிட்டுப் போனார். வடக்கேயிருந்து பெரிய ஆர்டர். கட்டிய பெட்டிகளைக் கிட்டங்கிக்கு அனுப்ப வண்டி இல்லாமல் லேபிள் ஷெட்டிலேயே கூரைவரை அடுக்கியிருந்தார்கள். அதுவும் விதிக்குப் புறம்பு. அதையும் அவர் பார்த்தார்.

அன்று மத்தியானச் சங்கு ஊதியதும் பிள்ளைகள் தூக்குவாளியை எடுத்தார்கள். அந்த நேரம் பெத்தணன் வடநாட்டு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். எப்படி ஒட்டுகிறார்கள் என்று சேட்டுக்குக் காட்ட வேண்டும், கொஞ்சம் இருங்க என்று பிள்ளைகளை உட்கார்த்தினார். புது லேபிள் ஒன்று அச்சாகி வந்திருந்தது. மறுபடியும் நான்தான். இந்த முறை பாவாடையே இல்லை என்று சொல்லலாம். வியாபாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொன்னார். பெத்தணன் சிரித்தார். “நம்ம புள்ளதான்,” என்றார்.

நம்ம புள்ளதான். பதிந்துகொண்டீர்களா?

இப்போது நான் இங்கே வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். விசாரணையில் என்ன எழுதினீர்கள்? சுப்புத்தாயின் கூந்தலில் இருந்த கொண்டை ஊசி விழுந்து உரசித் தீப்பிடித்தது என்று எழுதினீர்கள். பெத்தணன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அந்தப் பிள்ளையோடு செத்த மற்றப் பிள்ளைகளின் வீட்டார் இப்போது அவள் அம்மா பொன்னுத்தங்கத்தைக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை. வாசலில் மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். அந்த அம்மாள் போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டீச்சரம்மா, நீங்கதான காலையில அவ தலையத் தொட்டுப் பாத்தீக. எம்புள்ள ஊசி வச்சிருந்துச்சா? நீங்க சொன்னா நான் நம்பிக்கிடுதேன்.”

இல்லை என்றேன். அவள் கூந்தலை அவிழ்த்துப் பார்த்தவள் நான். நாரால்தான் கட்டியிருந்தாள். என் கையைத் தாண்டி ஓர் ஊசி உள்ளே போகாது. பொன்னுத்தங்கம் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அதற்கு மேலும் நான் சும்மா இருந்தால் மனுஷியே இல்லை. செய்யாததைச் செய்ததாக எழுதி வைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தீ வைத்தது நான். ஷெட் வாசலின் உள்பக்க ஓரத்தில் கட்டுப் பிரித்த லேபிள் தாள் குவிந்து கிடந்தது. குச்சியை உரசி அதில் வைத்தேன். அடுக்கியிருந்த வெடி மற்றதைப் பார்த்துக்கொண்டது. இந்தப் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து சாத்திக் கொண்டியையும் மாட்டினேன். நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். வேப்பமரம் வரை போனபோது பின்னால் வெடித்தது. சத்தம் எனக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை. காது அடைப்பு என்று சொன்னேன் அல்லவா.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். அப்படியானால் பெத்தணன் எப்படித் தப்பினார்? அவர் தப்பவில்லை, ஐயா. அவர் அங்கே இல்லை. வியாபாரிக்கு வெயில் தாங்கவில்லை என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கார் கதவைச் சாத்தியதைக் கேட்டேன். கார் கேட்டைத் தாண்டிச் சாலையில் ஏறியதையும் பார்த்தேன். தீப்பெட்டி அதுவரைக்கும் மடியில்தான் இருந்தது.

முதலாளி தலை மறைந்ததும் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுப்புத்தாய் புது லேபிளை எடுத்துப் பார்த்துவிட்டு, பெட்டி அடுக்கின்மேல் ஏறினாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். விளக்குமாற்றை மட்டை மாதிரி ஓங்கி, படத்தில் இருப்பது போலவே நின்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேலி இல்லை அது. என்னைப் போல் ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை, அவ்வளவுதான். நானும் சிரித்தேன்.

“சரியா நிக்கேனா, டீச்சரக்கா?” என்று கேட்டாள்.

“இடது காலை இன்னும் முன்னால வை,” என்றேன்.

வைத்தாள். இப்போது சரியாக இருந்தது. பந்து வந்தால் நிறுத்திவிடுவாள் என்று சொல்லும்படியாக நின்றாள். அப்படியே இரு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. கொண்டை ஊசி என்று எழுதியதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். பொன்னுத்தங்கத்திடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன். ஆனால் எழுதுகிறவர் தீ வைத்ததைச் சொன்ன வரியில் ‘ஆத்திரத்தில்’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார், அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். எனக்குப் பெத்தணன்மேல்தான் ஆத்திரம் இருந்தது, ஐயா. அந்தப் பிள்ளைகள்மேல் ஒரு நாளும் இருந்ததில்லை.